இறக்கத்தில் நிறுத்திய வண்டி

இந்த வாரம் சேலத்தில் நல்ல பனி. நேற்றுக் காலை ஐந்து மணிக்கு என் மகன் புது லோடு வண்டியை வெளியே எடுத்தான். பேட்டரியில் ஓடுகிற சின்ன வண்டி. செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து கடைகளுக்கு மளிகை மூட்டை அடிக்கிறான். நான் சும்மா இருக்க மாட்டாமல் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஸ்டார்ட் பண்ணு கண்ணு, பாக்கலாம்" என்றேன்.

"பண்ணியாச்சுப்பா."

"சத்தத்தையே காணோம்?"

"அது அப்படித்தாம்ப்பா. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

வண்டி போய்விட்டது. புகை இல்லை, உறுமல் இல்லை, இருமல் இல்லை. நான் மட்டும் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, காற்றைத் தள்ளுகிறவன் போலத் தெருவில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு அம்மா என்ன நினைத்தாரோ தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். என் மனைவி செல்வி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க, கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டாப்ல எதுக்கு இப்படி நடக்கறீங்க? அதான் வண்டி போயிருச்சில்ல?" என்றாள்.

போய்விட்டதுதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வண்டி அப்படி ஒரே பேச்சில் கிளம்பலாமா? பனிக்காலத்தில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்காத வண்டியும் ஒரு வண்டியா? எனக்குக் கல்யாணமான புதிதில் நான் வைத்திருந்த சின்ன லாரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிக் களைத்த வண்டி. டிரைவர் பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருப்பேன். ஹேண்ட்பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது, அதற்கு வேலை எதுவும் கிடையாது. வெயில் காலத்தில் மகராசியாக ஓடும். கார்த்திகை பிறந்ததும் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும்.

ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ராசிபுரம் பக்கத்தில் என்ன பெரிய குளிர் என்பார்கள். நாங்கள் குடியிருந்தது மலையடிவாரத்தில். மார்கழி விடியலில் பனி மலையிலிருந்து இறங்கி வந்து தெருவில் படுத்துக்கொள்ளும். பத்து மாதம் வெயிலில் வெந்து பழகிய இரும்புக்கு அதுவே தாங்காது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். வேண்டா வெறுப்பாக 'ச்சு' கொட்டுகிற மாதிரி. அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு வார்த்தை கிடையாது.

அதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. பொழுது சாய்ந்ததும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சாக்கைப் போர்த்திவிடுவேன். "புள்ளைக்குக்கூட இப்படிப் போத்த மாட்டாங்க" என்பாள் செல்வி. காலையில் எனக்குக் குளிக்க அவள் வைக்கிற வெந்நீரை அப்படியே தூக்கிப் போய் ரேடியேட்டரில் ஊற்றுவேன். நான் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க நிற்பேன். டீசலில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தி, எஞ்சின் காற்று இழுக்கிற குழாய் வாயில் காட்டுவேன். அந்தப் புகை வாசம் என் சட்டை, தலைமுடி, சாப்பிடுகிற சோறு எல்லாவற்றிலும் இருக்கும். கல்யாணமாகி மூன்று மாதத்தில் செல்வி ஒருநாள் கேட்டாள்: "தாலி எனக்குக் கட்டினீங்களா, அந்தச் சனியனுக்குக் கட்டினீங்களா?" நல்ல கேள்வி. எனக்கு அப்போது பதில் சொல்ல நேரமில்லை.

எல்லா வைத்தியத்துக்கும் மேலே ஒன்று உண்டு: இறக்கம். வண்டியை மேட்டில் நிறுத்தி, உருட்டி விட்டு, வேகம் எடுத்ததும் செகண்டு கியரில் கிளட்ச்சை விட்டால் எப்பேர்ப்பட்ட முரட்டு எஞ்சினும் வாயைத் திறந்தாக வேண்டும். அதனால் நான் வாடகைக்கு வீடு தேடவில்லை, தெரு தேடினேன். எல்லோரும் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் வருகிறதா, கொல்லையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் தெருமுனையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, உருளுகிறதா என்று பார்த்தேன். மெயின் ரோட்டிலிருந்து தெற்கே இறங்குகிற நெசவுக்காரர் தெரு அது. எலுமிச்சம்பழம் குழாயடி வரை ஓடிற்று. மேட்டில் இருந்த முதல் வீட்டைப் பார்க்காமலேயே பேசி முடித்துவிட்டேன். மழை பெய்தால் அந்த வீட்டில் மூன்று இடத்தில் ஒழுகும் என்பது பிறகுதான் தெரிந்தது. செல்வி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

முன் சக்கரத்துக்கு அணையாக ஒரு கருங்கல் வைத்திருப்போம். காலை நான்கு மணிக்கு நான் ஏறி உட்கார்ந்ததும் செல்வி குனிந்து கல்லை உருவிவிட்டு, "எடுத்தாச்சு" என்பாள். வண்டி இருட்டில் சத்தமில்லாமல் இறங்கும். பாதித் தெருவில் கிளட்ச்சை விட்டால் பேய் அறைந்த மாதிரி ஒரு உலுக்கு, ஒரு வெடிச் சத்தம், ஒரு புகைமூட்டம், பிறகு உயிர். குழாயடியில் திரும்பி வண்டிப்பாதை வழியாகச் சுற்றி மெயின் ரோட்டில் ஏறிவிடுவேன்.

நான் ஏற்றியது கோழிக்குஞ்சு. நாமக்கல் பக்கம் ஒரு ஹேச்சரியில் முட்டையிலிருந்து வெளிவந்து ஒரே நாளான குஞ்சுகளைப் பெட்டிக்கு நூறாக அடைத்துக் கொடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பண்ணைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வெயிலும் ஆகாது, பனியும் ஆகாது. சூடாக இருந்தால் குஞ்சுகள் முணுமுணுவென்று பேசிக்கொண்டு வரும். குளிர் பட்டுவிட்டால் குரல் மாறிவிடும். கீச்சென்று ஒரே கதறல். கதறிக்கொண்டே ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். நான் ஓட்டும்போது ரோட்டில் பாதிக் கவனம், முதுகுக்குப் பின்னால் கேட்கிற அந்தக் குரலில் பாதிக் கவனம். இன்றைக்கும் எனக்கு முதுகில்தான் காது.

எஞ்சின் சூடுதான் தார்ப்பாய்க்குள் அவற்றுக்குக் கதகதப்பு. ஆகவே சட்டம் ஒன்றே ஒன்று. லோடு ஏறிவிட்டால் எஞ்சினை அணைக்கக் கூடாது. டீ குடித்தாலும், ஒண்ணுக்குப் போனாலும், கடவுளே கை காட்டி மறித்தாலும் அணைக்கக் கூடாது.

லோடோடு ஐந்தரை வாக்கில் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐந்து நிமிஷம் நிற்பேன். பழக்கதோஷத்தில் வண்டியின் முகத்தைத் தெரு இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவேன். செல்வி சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுக் காபி கொண்டு வருவாள், குடித்துவிட்டு ரிவர்ஸில் எடுத்துப் போய்விடுவேன். அந்த ஐந்து நிமிஷமும் எஞ்சின் தடதடத்துக்கொண்டே நிற்கும். மற்ற மாதங்களில் அது யாருக்கும் பிரச்சினை இல்லை. மார்கழியில் அந்த நேரத்தில் தெரு முழுக்கப் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தறியில் பட்டு நெய்கிற கைகள், இழை பிசகாது. வீட்டுக்கு வீடு தொட்டுக்கொண்டு தெருவின் முழு அகலத்துக்கும் வெள்ளை வெளேரென்று இருக்கும். என் வண்டிப் புகை மேட்டிலிருந்து இறங்கி அவர்கள் மூஞ்சியில்தான் போய் அடிக்கும்.

நடுத்தெருவில் பழனியம்மாக்கா வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் என்றால் வாய். தெருவுக்கே அவர்தான் பஞ்சாயத்து. தினம் எனக்கு ஒரு அர்ச்சனை உண்டு.

"ஏப்பா, உன்ற வண்டி செத்துப் பொழைக்கிற சத்தத்துலதான் நாங்க தெனமும் எந்திரிக்கிறோம். சரி, அது போவட்டும். இந்தப் பொகைய எங்க கொண்டு போயி உடுவ? மொளகாப் பொகை போட்டாப்ல இருக்குது. கொஞ்சம் அமத்திப் போட்டுத்தான் காப்பியக் குடியேன்."

"அணைச்சா எந்திரிக்காதுங்க்கா. லோடு இருக்குது."

"உன்ற லோடு உனக்குப் பெருசு. எங்க கோலம் எங்களுக்குப் பெருசு."

நான் உர்ரென்று காபியைக் குடித்துவிட்டுப் போவேன். இப்படியே இருபது நாளுக்கு மேல் ஓடியது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மூக்குக்கு மேல் கோபம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா என்னை வைத்துத்தான் சொல்லுவார்.

மார்கழி முடியப் போகிற ஒருநாள். எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. முப்பது பெட்டி, மூவாயிரம் குஞ்சு. வண்டியை வந்து நிறுத்தினேன். தெரு முழுக்க விளக்கு. பழனியம்மாக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரும் சேர்ந்து அவர் வாசலில் தெருவை அடைத்து ஒரே கோலம். இருபத்தொரு புள்ளி. நான்கு மணிக்கு நான் போனபின் ஆரம்பித்து, அப்போதுதான் கடைசி இழையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என் புகை நேராக அதன் மேல் போயிற்று. அக்கா நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்தார். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மனசாட்சி இருந்தா அமத்துவான். இல்லாதவன்கிட்ட என்னத்தப் பேசறது?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த ரோசம் வந்ததோ. "இந்தாங்க, அணைச்சாச்சு! போதுமா?" என்று கத்திக்கொண்டே அணைத்தேன். டிரைவர் எவனும் செய்யாத வேலை. லோடு வண்டியை, மார்கழிப் பனியில், ரோசத்துக்காக அணைத்தேன். அதோடு விட்டேனா? காபியை ஊதி ஊதி, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன். செல்வி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்.'

மறுபடி திருப்பினேன். 'டிக்' கூட இல்லை.

கொஞ்ச நேரம்தான். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு நின்றது. அப்புறம் ஒரு பெட்டியில் ஒரே ஒரு குஞ்சு கீச்சிட்டது. அப்புறம் எல்லாம். தார்ப்பாய்க்குள் மூவாயிரமும் கதற ஆரம்பித்துவிட்டன. அடுப்பில் வெந்நீர் இல்லை, அதுதான் நான்கு மணிக்கே ரேடியேட்டருக்குள் போய்விட்டதே. முன்னால் பார்த்தேன். இறக்கம். இறக்கம் முழுக்கக் கோலம்.

"கல்லை எடு" என்றேன் செல்வியிடம்.

"அந்தக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்குங்க."

"எடுக்கறயா இல்லயா?"

"கேட்டுட்டு எறங்குங்க. நான் எடுக்க மாட்டேன்."

கேட்டிருக்கலாம். நாலு வீடு தாண்டி நடந்து போய், "அக்கா, குஞ்சு சாவுது, வழி உடுங்க" என்று சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? ஒரு நிமிஷ வேலை. எனக்கு வாய் வரவில்லை. நானே இறங்கிப் போய்க் கல்லை உதைத்துத் தள்ளினேன். ஓடி ஏறினேன். வண்டி நகர்ந்தது. முதல் வீட்டுக் கோலம், இரண்டாம் வீட்டுக் கோலம். பெண்கள் ஓரத்துக்குத் தாவினார்கள். பழனியம்மாக்கா மாவுக் கிண்ணத்தோடு சுவரோடு ஒட்டிக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். சரியாக அந்த இருபத்தொரு புள்ளிக்கு நடுவில் கிளட்ச்சை விட்டேன். வண்டி உலுக்கியது, இருமியது, கரும்புகையை ஒருமுறை கக்கியது. குழாயடியில் போய்ச் செத்து நின்றது.

எஞ்சின் சத்தம் இல்லாததால் குஞ்சுகளின் கதறல் தெரு முழுக்கக் கேட்டது. பின்னால் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனி இந்தத் தெருவில் நமக்குக் குடி இல்லை, இந்தக் குஞ்சும் இல்லை, லோடும் இல்லை என்று மட்டும் மனசில் ஓடிற்று.

அக்கா வந்தார். விளக்குமாறோடு வருவார் என்று நினைத்தேன், வெறும் கையோடு வந்தார். என்னிடம் வரவில்லை. பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தன இருக்கும்?"

"மூவாயிரங்க்கா."

"அத்தனையும் உன்னய மாதிரியேதான் கத்துது" என்றார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, "ஏ புள்ளைங்களா, எல்லாரும் வாங்க. பொட்டிய எறக்குங்க. ஊட்டுக்குள்ள கொண்டு போங்க. எல்லார் ஊட்டுலயும் தண்ணி காயுதில்ல? அடுப்படில வெய்யுங்க" என்றார்.

கோலமாவு அப்பிய கைகள் வரிசையாக வந்தன. முப்பது பெட்டியும் பன்னிரண்டு வீட்டுக்குள் போய்விட்டன. நான் எந்தப் பெட்டி எந்த வீட்டில் என்று தெரியாமல் தெருவில் மேலும் கீழும் ஓடினேன். "நெருப்புக்கு ரொம்பக் கிட்ட வெச்சிராதீங்க! மூடியத் தெறந்துறாதீங்க!" என்று ஒவ்வொரு வாசலாகக் கத்தினேன்.

"இத்தன புள்ள பெத்து வளத்த தெருவு இது. எங்களுக்குச் சொல்லித் தர வந்துட்டான்" என்றார் அக்கா. "போ, போயி அந்தக் கட்ட வண்டியப் பாரு."

வீடு வீடாகக் குரல் அடங்கியது. கதறல் குறைந்து, முணுமுணுப்பு வந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துணிப்பந்தத்தைக் கொளுத்தினேன். அக்கா தன் வீட்டு அண்டாவிலிருந்து வெந்நீரைக் கொண்டுவந்து தானே ரேடியேட்டரில் ஊற்றினார். எட்டுப் பெண்கள் பின்னால் நின்று தள்ளினார்கள், செல்வியும் அதில் ஒருத்தி. சமதரையில், மூன்றாம் முறை உலுக்கியபோது வண்டி பிடித்துக்கொண்டது. பெட்டிகள் எண்ணிக்கை பிசகாமல் திரும்பி வந்தன.

"வாரேங்க்கா" என்றேன்.

"அணைக்காமப் போ" என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். கோலத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டியதைக் கேட்காமலே கியரைப் போட்டேன். பண்ணையில் பெட்டிகளைத் திறந்தபோது ஒன்பது குஞ்சுகள்தான் செத்திருந்தன. பண்ணைக்காரர், "பனிக்கு ஒம்போதுன்னா பரவால்ல தம்பி" என்றுவிட்டு, டயரைப் பார்த்து, "அதென்ன, சுண்ணாம்பு அடிச்சிருக்க?" என்றார். "ஆமாங்க, பனிக்குப் புடிமானமா இருக்கும்னு" என்று சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

மறுநாள் ஐந்தரைக்கு லோடோடு வந்து நின்றேன். தெரு வழக்கம்போல வெள்ளையாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக் கோலத்திலும் நடுவில் இரண்டு பட்டை வெறுந்தரை, ஒரு சாண் அகலத்துக்கு. மேட்டிலிருந்து குழாயடி வரை நேர்கோடாக இறங்கிற்று. என் வண்டிச் சக்கரத்தின் அளவு. முதல் நாள் பதிந்த தடத்தை அளந்து புள்ளி வைத்திருக்கிறார்கள். பூவும் கொடியும் அந்தப் பட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, தாண்டி அந்தப் பக்கம் தொடர்ந்தன.

"எறங்க வேண்டி வந்தா அந்தத் தடத்துலயே எறங்கு சாமி. தடம் மாறுன, தொடப்பம் பிஞ்சிரும்" என்று குனிந்தபடியே சொன்னார் அக்கா.

அந்த மார்கழியில் நான் அதில் இறங்க வேண்டியே வரவில்லை. தை பிறந்ததும் புதுப் பேட்டரி போட்டேன். ஆடி முடிந்து, ஹேச்சரிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைக்க, இரண்டே நாளில் மூட்டை கட்டிவிட்டேன். சமதரை. இறக்கம் தேவையில்லை என்று நினைத்தேன். செல்வி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மார்கழியில் ஒரு விடியலில் லோடோடு அந்தத் தெருமுனையைத் தாண்டினேன். முகப்பு விளக்கு ஒரு கணம் தெருவுக்குள் பாய்ந்தது. கோலங்களுக்கு நடுவே அதே இரண்டு பட்டை. எவனோ வேறொரு வண்டிக்காரன் என் வீட்டுக்குக் குடி வந்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். நம்ப மாட்டீர்கள், எனக்குப் பொறாமையாக இருந்தது. வந்தவனுக்கெல்லாம் வழி விடுகிறார்கள் பார், என்று முனகிக்கொண்டே போய்விட்டேன். நிறுத்தவில்லை. பொங்கலுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அன்றைக்கு நினைத்ததும் நடக்கவில்லை.

பல வருஷம் கழித்து ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அந்தத் தெருப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். அன்றைக்கு வண்டி தள்ளியவர்களில் ஒருத்தி. பழனியம்மாக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆயிற்று என்றாள். "எனக்கப்புறம் அங்க வண்டி வெச்சிருந்தது யாருங்க?" என்று கேட்டேன்.

"வண்டியா? அந்தத் தெருவுல உங்களுக்கப்பறம் யாரும் வண்டியே வெக்கலீங்களே."

"கோலத்துல தடம் உட்டிருந்தீங்களே, நான் பாத்தேனே?"

"அது உங்களுக்குத்தானுங்க" என்றாள். "மூணு மார்கழிக்கு உட்டோம். நாங்க வேண்டாம்னாலும் அக்கா கேக்கல. அவன் அவசரக்காரன், திடீர்னு மேட்டுல வந்து நின்னான்னா எதுல எறங்குவான்னு சொல்லிப் போடும்."

இலையில் உட்கார்ந்தேன், சாப்பிட முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சின்ன லாரி காயலான் கடைக்குப் போய் ரொம்ப நாளாகிறது. தெருவில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நடுவில் இரண்டு வேகத்தடை வேறு. அக்காவின் வீடு இருந்த இடத்தில் தறிக்கூடம். போன மார்கழியில் செல்வியையும் கூட்டிக்கொண்டு போய், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று ஐந்தரைக்கெல்லாம் அங்கே நின்றேன். கேட்பதற்கு ஆள் இல்லை. வாசல்களில் கோலம் இருந்தது, சின்னதாக, படிக்கட்டோடு நின்றிருந்தது. தெரு முழுவதும் எனக்கு வழியாகக் கிடந்தது.